ஒன்று லிங்க், இரண்டு லிங்க்

"தம்பி, உங்க சைட்டுல மேலயும் கீழயும் ஒரு எண்ணுக் கூட்டம் இருக்கே, அது எதுக்கு?"

தொலைபேசியில் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நின்றுபோன ஒரு சிற்றிதழின் கட்டுரைகளை நாங்கள் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வாரம் சிலவாக இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அந்த இதழ் வந்துகொண்டிருந்த காலத்தில் மனைவி வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அவர். இப்போது தானே வாசிக்கலாம் என்று தளத்துக்கு வந்திருக்கிறார். தளத்தைக் கட்டியவன் நான் என்பதால் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

"அது பக்க எண் சார். பக்கத்துக்குப் பத்துக் கட்டுரை. மொத்தம் 64 பக்கம். எது வேணுமோ அதைத் தொட்டா நேரா போயிடலாம்" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். அந்த 64 எண்களையும் மூன்று வரிசையில், சம இடைவெளியில், வட்ட வட்டமாக அடுக்கியிருந்தேன். ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நண்பர்களிடம் ஜோக் வேறு அடித்திருந்தேன்.

"சரி, நான் இப்ப எந்தப் பக்கத்துல இருக்கேன்?"

"ஆரஞ்சு கலர்ல..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். மடிக்கணினியின் திரை இருட்டாக இருந்தது. "எனக்கு எதுக்கு வெளிச்சம், பேட்டரிதான் வீண்" என்று சிரித்தபடி, எனக்காக ஒளியைக் கூட்டினார். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கேட்டுக்கொண்ட பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். அப்படியும் அது பேருந்து நிலைய அறிவிப்பை விட வேகம். பிறகு என் தளத்தைத் திறந்தார்.

முதலில் எச் விசையைத் தட்டினார். ஒரு பக்கத்தில் உள்ள தலைப்புகளை மட்டும் தாவித் தாவிப் பார்ப்பதற்கான விசை அது. கண்ணால் பார்க்கிறவர்கள் நாளிதழைப் பிரித்ததும் கொட்டை எழுத்துகளை மட்டும் மேய்கிறோமே, அதேதான். என் தளத்தில் எச் தட்டியதும் தலைப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இருந்தன, பத்துக் கட்டுரைகளுக்கும் பத்துத் தலைப்புகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் நான் அவற்றைத் தலைப்பு என்று குறிக்காமல் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக மட்டும் போட்டிருந்தேன். கண்ணுக்குத் தலைப்பு, கணினிக்கு வெறும் எழுத்து.

வேறு வழியில்லாமல் டேப் விசைக்கு வந்தார். முகப்பு, லிங்க். எங்களைப் பற்றி, லிங்க். எழுத்தாளர்கள், லிங்க். மேல் பட்டியில் 11. பக்கவாட்டில் பொருள்வாரியான சொற்கள் 31. அது முடிந்ததும் எண்கள். ஒன்று, லிங்க். இரண்டு, லிங்க். மூன்று, லிங்க். பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தார். நானும் எண்ணிக்கொண்டே இருந்தேன். முதல் கட்டுரையின் தலைப்பு 107-வது தட்டில் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அதே 106 படிகளைக் கடந்துதான் சன்னிதிக்கு வர வேண்டும்.

"இப்ப பாருங்க" என்று சொல்லி ஏழாம் எண்ணில் எண்டர் தட்டினார். அமைதி. மறுபடி தட்டினார். அமைதி. ஆனால் திரையில் எனக்குத் தெரிந்தது வேறு: முதல் தட்டிலேயே ஏழாம் பக்கத்தின் கட்டுரைகள் அழகாக வந்து நின்றுவிட்டன. பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல் பட்டியலை மட்டும் மாற்றும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தேன். வேகமாக இருக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மாறியது என்று அவரிடம் சொல்லத்தான் யாரும் இல்லை.

"வேலை செய்யலைன்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. இப்படி எத்தனையோ தளங்களில் விட்டுவிட்டுப் பழகிய குரல் அது.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது, அவர் பயன்படுத்தும் அதே என்.வி.டி.ஏ என்ற ஸ்கிரீன் ரீடரை என் கணினியில் நிறுவியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்கிற நண்பர் சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் ஸ்கிரீன் ரீடர் கிடைக்க வேண்டும் என்று இலவசமாகவும் திறமூலமாகவும் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1989-இல் பிறந்த ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் இருந்தது. ஆனால் அதன் விலை நம் ஊர்ச் சம்பளக்காரர்களுக்கு எட்டாதது. இருபது வருடமாக வலைத்தளம் கட்டுகிற எனக்கு, இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருளை ஒருமுறை போட்டுப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

போட்டுப் பார்த்த அன்று இன்னொரு கூத்து வெளிவந்தது. என் தளத்தின் மொழி ஆங்கிலம் என்று, வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்லின் முதல் வரியிலேயே அறிவித்திருந்தேன். எங்கிருந்தோ எடுத்த வார்ப்புருவில் அப்படி இருந்தது, நான் மாற்றவில்லை. மொழிக்கு ஏற்பக் குரலை மாற்றும்படி அமைத்திருந்தால், தமிழ்க் கட்டுரையை வாசிக்க ஆங்கிலக் குரல் வந்து உட்காரும். அது தமிழ் எழுத்துகளைக் கண்டு விழிக்கும். ஆசிரியர் அந்தத் தானியங்கி மாற்றத்தையே நிறுத்திவிட்டு, எப்போதும் தமிழ்க் குரலிலேயே எல்லாவற்றையும் கேட்கிறாராம். இரண்டே எழுத்து மாற்றம், மொழி சரியாகிவிட்டது. விண்டோஸில் வரும் தமிழ்க் குரலுக்குப் பெயர் வள்ளுவர். என் தளத்தின் "எங்களைப் பற்றி"யை வள்ளுவர் வாசிக்கக் கேட்பது ஒரு தனி அனுபவம்தான்.

சரி, எண்ணுக் கூட்டத்துக்கு வருவோம்.

இதற்கான கட்டுமானம் உண்மையில் மிகச் சிறியது. எச்.டி.எம்.எல்லில் நாவ் என்று ஒரு குறி இருக்கிறது. இதற்குள் இருப்பவை வழிகாட்டும் இணைப்புகள் என்று உலாவிக்குச் சொல்லும் குறி. என்.வி.டி.ஏ-வில் டி விசையைத் தட்டினால் இந்த மாதிரிப் பகுதிகளுக்கு நேராகத் தாவலாம். ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாவ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும், இல்லையென்றால் எது மேல் பட்டி, எது பக்க எண் என்று தெரியாது. நான் மேல் பட்டிக்கு "முதன்மைப் பட்டி" என்றும் இதற்கு "பக்க எண்கள்" என்றும் பெயர் வைத்தேன். முதலில் "பக்க எண் வழிகாட்டி" என்று வைத்து, நாவ் என்பதால் ஸ்கிரீன் ரீடரும் தன் பங்குக்கு ஒரு "நேவிகேஷன்" சேர்த்துச் சொல்ல, வழிகாட்டி வழிகாட்டி என்று அடுக்குத்தொடராக ஒலித்தது. பெயரில் பாதியை வெட்டினேன்.

நாவுக்குள் எண்களை ஒரு பட்டியலாகப் போட்டேன். பட்டியல் என்று குறித்தால் உள்ளே நுழையும்போதே எத்தனை உருப்படிகள் என்று சொல்லிவிடும். வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால் நிற்பது சுலபம் இல்லையா, அதைப் போல. ஒவ்வொரு எண்ணும் உண்மையான முகவரியுள்ள, உண்மையான இணைப்பு. ஜாவாஸ்கிரிப்ட் மந்திரத்தைத் தூக்கிப் போட்டேன். 7-ஐத் தட்டினால் ஏழாம் பக்கம் புதிதாக ஏறும். ஏறியதும் ஸ்கிரீன் ரீடர் அந்தப் பக்கத்தின் பெயரைச் சொல்லும். பெயரிலேயே "பக்கம் 7, மொத்தம் 64" என்பதை முதலில் வைத்தேன். தளத்தின் பெயர் கடைசியில். உலாவியில் பின்னால் போகும் பொத்தானும் பழையபடி வேலை செய்தது. உண்மையைச் சொன்னால், 1990-களில் வலைத்தளம் எப்படி இருந்ததோ அங்கே திரும்பிப் போனேன். ஸ்கிரீன் ரீடர் போன்றவற்றுக்குக் கூடுதல் விவரம் சொல்லும் ஏரியா (ARIA) என்ற துணைக்குறிகளைப் பற்றி அவற்றை வகுத்தவர்களே சொல்லும் முதல் விதியும் இதுதான்: எச்.டி.எம்.எல்லிலேயே வழி இருந்தால் ஏரியாவைத் தேடாதே.

கட்டுமானம் ஒரு மாலையில் முடிந்தது. சொற்கள்தான் மூன்று வாரம் எடுத்தன.

மேலும் கீழுமாக இருந்த அம்புக்குறிகளில் தொடங்கியது வில்லங்கம். கட்டுரைப் பட்டியலின் இரு ஓரத்திலும் இரட்டை அம்பு போட்டிருந்தேன். அவை இணைப்புகூட இல்லை, படத்தைச் சொடுக்கினால் நகரும்படி செய்தவை. டேப் விசைக்கு அவை அகப்படாது. வாசித்துக்கொண்டே வந்தால் "கிளிக்கபிள்" என்று ஒரு சொல் மட்டும் வரும். எதைக் கிளிக்க, எதற்குக் கிளிக்க, ஒன்றும் தெரியாது. அம்பை எடுத்துவிட்டுச் சொல்லைப் போடலாம் என்று உட்கார்ந்தேன். என்ன சொல்?

முன், பின் என்று எழுதினேன். திரையில் சின்னதாக, அழகாக இருந்தது. ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். அவர் நாற்பது வருடம் இலக்கணம் நடத்தியவர். "தம்பி, 'முன்னே போ'ன்னா எந்தப் பக்கம் போவீங்க? 'முன்னொரு காலத்திலே'ன்னா எந்தப் பக்கம்?" என்று ஒரே கேள்வி பதிலாக வந்தது. முன் என்பது இடத்தைச் சொல்லும்போது நமக்கு எதிரே இருப்பது, போக வேண்டிய திசை. காலத்தைச் சொல்லும்போது கடந்துபோனது. பின்னும் அப்படித்தான்: பின்னால் திரும்பு என்றால் வந்த வழி, பின்னர் பார்க்கலாம் என்றால் வரப்போகும் நேரம். பக்க எண்ணில் இடமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. ஆறாம் பக்கம் முன்னா, பின்னா? அம்பு இருந்தவரை இந்தக் குழப்பத்தை அம்பு மறைத்துக்கொண்டிருந்தது. வெறும் சொல்லாக, அதுவும் காதால் கேட்கும்போது, நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

முந்தைய பக்கம், அடுத்த பக்கம் என்று மாற்றினேன். இதில் குழப்பமில்லை என்று நினைத்தேன். ஆனால் எங்கள் தளத்தில் புதிதாக ஏற்றிய கட்டுரை முதலில் வரும். அப்படியானால் "அடுத்த பக்கம்" என்பது பழைய கட்டுரைகளுக்குப் போகும் வழி. "முந்தைய பக்கம்" போனால் புதியவை. கண்ணால் பார்க்கிறவர்கள் தேதியைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் பிளாக்கரில் எழுதிய பழைய காலம் நினைவுக்கு வந்தது. அதன் தமிழ் இடைமுகத்தில் பக்கத்தின் அடியில் "புதிய இடுகைகள்", "பழைய இடுகைகள்" என்று இருக்கும். அப்போது இடுகையா பதிவா என்று நாங்கள் சண்டை போட்டோமே தவிர, அந்த "பழைய" எவ்வளவு தெளிவான சொல் என்று யாரும் கவனிக்கவில்லை. எண் எந்தத் திசையில் ஓடினால் என்ன, அந்தப் பக்கம் போனால் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறது. நானும் அதற்கே வந்தேன்: "பழைய கட்டுரைகள், பக்கம் 8", "புதிய கட்டுரைகள், பக்கம் 6".

அடுத்தது எண்கள். "ஏழு, லிங்க்" என்று வரிசையாகக் கேட்கும்போது பக்க எண் என்று ஊகித்துவிடலாம். ஆனால் என்.வி.டி.ஏ-வில் இன்சர்ட்டும் எஃப் ஏழும் சேர்த்து அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் ஒரு பெட்டியில் பட்டியலாக வரும். பழகியவர்கள் நிறைய நேரம் அங்கேதான் இருப்பார்கள். அந்தப் பெட்டியில் ஏழு என்பது அம்மா அப்பா தெரியாத பிள்ளை. எங்கள் தளத்தில் அது மட்டுமா, ஒவ்வொரு கட்டுரைச் சுருக்கத்தின் அடியிலும் "மேலும் வாசிக்க" என்று ஒன்று. பெட்டியைத் திறந்தால் மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க என்று பத்து முறை. அவற்றை மொத்தமாக நீக்கிவிட்டு, கட்டுரைத் தலைப்பையே இணைப்பாக்கினேன். யாருக்கும் எதுவும் குறையவில்லை.

எண்ணுக்கு "7-ஆம் பக்கம்" என்று வைத்துப் பார்த்தேன். நான் கேட்ட குரலில் அது "ஏழு. ஆம். பக்கம்" என்று ஒலித்தது. யாரோ நடுவில் தலையாட்டி ஆமோதிப்பதைப் போல. சரி என்று, ஸ்கிரீன் ரீடருக்கென்று பெயர் கொடுக்கும் ஏரியா லேபிளில் "ஏழாம் பக்கம்" என்று எழுத்தால் எழுதினேன். காதுக்கு இனிமையாக இருந்தது. ஆனால் அதில் ஒரு கண்ணி. கையால் விசையோ சுட்டியோ இயக்க முடியாதவர்கள் குரலால் கணினியை இயக்குகிறார்கள். திரையில் 7 என்று தெரிகிறது, அவர் அதைப் பார்த்து ஏழு என்கிறார். ஆனால் கணினியிடம் நான் கொடுத்திருக்கும் பெயரில் 7 என்ற எழுத்தே இல்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்து, கணினிக்குத் தெரியும் பெயருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி என்ற உலக அணுகல் நெறிகளில் 2018-இல் வந்த 2.1 பதிப்பு தனியாக ஒரு விதியே சேர்த்திருக்கிறது. ஒருவருக்கு வழி செய்யப்போய் இன்னொருவரின் வழியை அடைத்திருந்தேன்.

கடைசியில் ஆசிரியர்தான் முடித்துவைத்தார். "பக்கம் ஏழுன்னா போதும். 'ஏழாம் பக்கத்திற்குச் செல்லவும்'னெல்லாம் அரசாணை மாதிரி எதுக்கு? ஒவ்வொண்ணுக்கும் அவ்வளவு நீளம் நான்தானே கேக்கணும்." ஆகவே எண்ணுக்கு முன்னால் "பக்கம்" என்ற சொல்லைச் சேர்த்து, அதை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிக்சலுக்குள் சுருக்கிவைத்தேன். திரையில் 7. காதில் பக்கம் 7. மறைப்பதற்கென்றே, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்ஸில் டிஸ்பிளே நன் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது எல்லோரிடமிருந்தும் மறைக்கும், ஸ்கிரீன் ரீடரிடமிருந்தும். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

"எந்தப் பக்கத்தில் இருக்கிறேன்" என்ற முதல் கேள்விக்கு விடை ஏரியா கரண்ட். நிற்கும் பக்கத்தின் இணைப்பில் இந்தக் குறியைப் போட்டு, மதிப்பாகப் பேஜ் என்று கொடுத்தால், அந்த எண்ணை வாசிக்கும்போது "கரண்ட் பேஜ்" என்று சேர்த்துச் சொல்லும். 2017 டிசம்பரில் முறையாக வந்த ஏரியா 1.1-இல் இருக்கிறது இது. ஒரே ஒரு குறி. நிற்கும் பக்கத்தை இணைப்பாக வைப்பதா, வெறும் எழுத்தாக வைப்பதா என்று வலைத்தளக்காரர்களிடையே வழக்கு உண்டு. நின்ற இடத்திலேயே நிற்க எதற்கு இணைப்பு என்பது ஒரு கட்சி. நான் இணைப்பாகவே விட்டேன், ஏனென்றால் அந்த எஃப் ஏழு பெட்டியில் அதுவும் வர வேண்டும். 6 இருக்கிறது, 8 இருக்கிறது, 7 எங்கே என்று அவரைத் தேடவிடக் கூடாது.

என் ஆரஞ்சையும் அளந்து பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் நான் போட்டிருந்த ஆரஞ்சு எண்ணின் ஒளி வேறுபாடு (காண்ட்ராஸ்ட்) 2.1-க்கு 1. சாதாரண எழுத்துக்கு வேண்டியது குறைந்தது 4.5-க்கு 1. அதாவது பார்வை உள்ளவர்களுக்கே சரியாகத் தெரியாத நிறத்தில்தான் "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது நிற்கும் எண் கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து, அடிக்கோடு. நண்பர்களில் ஒருவருக்கு அது இரங்கல் அறிவிப்பு மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும்.

64 எண்களும் ஏழெட்டாகக் குறைந்தன. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நிற்கும் பக்கம், அதன் இருபுறமும் ஒவ்வொன்று, அப்புறம் பழைய, புதிய. நடுவில் விட்டதற்கு மூன்று புள்ளி, அதைக் காதுக்கு வராமல் செய்துவிட்டேன். மேலே இருந்த கூட்டத்தை முழுவதும் எடுத்தேன். ஒருவரும் அதைத் தேடவில்லை. முப்பத்தேழாம் பக்கத்துக்கு நேரடியாகப் போக வேண்டும் என்று இதுவரை எந்த மனிதரும் என்னிடம் கேட்டதில்லை.

எண்கள் குறைந்ததால் கிடைத்த இடத்தில் அவற்றைப் பெரிதாக்கினேன். இது என் அம்மாவுக்காக. கைபேசியில் 12-ஐத் தொட்டால் 13-க்குப் போகும் விரல் அவருடையது. மூட்டு வலி, லேசான நடுக்கம். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சலுக்கு 24 பிக்சல் இருக்கட்டும் என்கிறது. மேல்நிலைத் தகுதிக்கு 44. என் வட்டங்கள் 18 பிக்சல்தான் இருந்தன. 44 வைத்துக் கொடுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை; தப்பாகப் போகவில்லை என்பதால் சொல்ல ஒன்றும் இல்லை.

இடையில் எங்கள் குழுவின் இளையவர் ஒருவர், "எண்ணே வேண்டாம் அண்ணா, கீழே போகப் போக வந்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார். முகநூல் பாணி. எனக்கு அது பிடிக்காது. கீழே தொடர்பு முகவரி என்று ஒன்று வைத்திருக்கிறோம். முடிவில்லாமல் ஓடும் பக்கத்தில் அதை எட்டவே முடியாது. டேப் விசையில் வருகிறவருக்குத் தப்பிக்கவே வழியில்லை. பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்தால் விட்ட இடமும் இருக்காது. கூகுளே தன் தேடல் முடிவுகளில் 2021-இல் கைபேசியிலும் 2022-இல் கணினியிலும் இந்த ஓட்டத்தைக் கொண்டுவந்து, 2024-இல் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பியது. அதைச் சொன்னதும்தான் தம்பி சமாதானமானார். நான் சொன்ன காரணங்களைவிட கூகுள் சொன்னால் எடை அதிகம்.

இப்போது அந்த டிஸ்பிளே நன் கதை. அந்த 106 படிகளைக் குறைக்க, பக்கத்தின் முதல் இணைப்பாகவே கட்டுரைப் பட்டியலுக்குத் தாவும் ஒரு குறுக்கு வழி வைத்தேன். கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது எதற்கு என்று டிஸ்பிளே நன் போட்டு மறைத்தேன். பெருமையாக ஆசிரியரைச் சோதிக்கச் சொன்னால், "எங்கே இருக்கு?" என்கிறார். அவரிடமிருந்தும் மறைத்திருந்தேன். சரி, எழுத்தைத் திரைக்கு வெளியே தள்ளி வைக்கலாம் என்றால், கண் தெரிந்தும் சுட்டியைப் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை மட்டும் நம்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் டேப் தட்டியதும் கவனம் எங்கோ காணாமல் போய்விடும். ஆகவே டேப் வந்து நிற்கும்போது மட்டும் அது திரையில் மேலே எட்டிப் பார்க்கும். கூடவே, எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை அசிங்கமாக இருக்கிறது என்று முன்பு நீக்கியிருந்தேன். அதையும் திரும்பக் கொண்டுவந்தேன். மேக் வைத்திருக்கும் நண்பர் சஃபாரியில் டேப் தட்டினால் எந்த இணைப்பிலும் நிற்கவில்லை என்று புகார் செய்தார். ஒரு மணி நேரம் என் நிரல் வரிகளைத் துருவிய பிறகுதான் தெரிந்தது, சஃபாரியில் டேப் இணைப்புகளில் நிற்க வேண்டுமானால் அதன் அமைப்புகளில் நாம் தனியாக அனுமதிக்க வேண்டும். சில பிழைகள் நம்முடையவை இல்லை என்று தெரியும்போது வரும் நிம்மதியே தனி.

குறுக்கு வழிக்கு நான் வைத்திருந்த பெயர் "முதன்மை உள்ளடக்கத்திற்குச் செல்க". இப்போது "கட்டுரைகளுக்குப் போ" என்று இருக்கிறது. யார் மாற்றச் சொன்னது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் தயவு தாட்சண்யத்தில் செய்வதும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று பிரிவே இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றே சொல்லிவிட்டது. எங்களைப் போன்ற ஐந்து பேர் நடத்தும் தளத்தை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை. இருந்தாலும், ஆசிரியரிடம் தீர்ப்பைப் பற்றிச் சொன்னபோது, "நல்லது, முதல்ல அந்த கேப்ட்சாவை ஒழிக்கச் சொல்லுங்க" என்றார். மனிதர்தான் என்று நிரூபிக்கப் படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் அந்தக் கேப்ட்சா, தனிக் கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, அரைகுறையாகப் பழகியிருந்தது. டேப், "கட்டுரைகளுக்குப் போ", எண்டர். எச், எச், எச் என்று தலைப்புகளைத் தாவினார். டி தட்டிப் பக்க எண்களுக்கு வந்தார். "பக்கம் ஒன்று, கரண்ட் பேஜ்." பிறகு "பழைய கட்டுரைகள், பக்கம் இரண்டு". தட்டினார். பக்கத்தின் பெயர் வந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது, இருவரும் தொடவில்லை.

"நல்லா இருக்கு தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு. போன மாசம் ஒரு கட்டுரை படிச்சேன். பக்கம் ஏழுல இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சிருந்தேன். இப்ப ஏழுல இல்லையே?"

இருக்காது. வாரா வாரம் நாங்கள் புதிதாக ஏற்ற ஏற்ற, பழையவை கீழே நகர்ந்துகொண்டே இருக்கும். ஏழாம் பக்கம் என்பது ஒரு இடமே இல்லை. ஓடும் ஆற்றில் போட்ட எண். எந்தக் குறியைப் போட்டாலும், எவ்வளவு அழகாக "பக்கம் 7" என்று சொன்னாலும், அந்த 7-க்கு அர்த்தம் இல்லை. இருபது வருடமாக நான் கட்டிய அத்தனை தளங்களிலும் இப்படித்தான்.

"இதழ் வந்த வருஷத்தைப் போடுங்களேன்" என்றார். "எனக்கு வருஷம் ஞாபகம் இருக்கும். 83-ல பையன் பிறந்தான், அந்த வருஷம் படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கு."

ஆண்டு வாரியாக மாற்றினோம். 1979 முதல் 2003 வரை 25 ஆண்டுகள், 25 இணைப்புகள். ஒவ்வொன்றும் "1983, 31 கட்டுரைகள்" என்கிற மாதிரி. ஓர் ஆண்டின் கட்டுரைகள் அத்தனையும் ஒரே பக்கத்தில். நான் மூன்று வாரம் மல்லுக்கட்டிய பழைய, புதிய, முந்தைய, அடுத்த எல்லாம் போய், எண்ணுக் கூட்டமும் போய், வெறும் ஆண்டுகள் நிற்கின்றன. அந்த வேலை வீண்தானா என்று நண்பர் கேட்டார். தேடல் பக்கத்தில் இன்னும் அதே பக்க எண்கள் இருக்கின்றன என்று சமாளித்தேன்.

அன்று மாலையே அவர் அழைத்தார். 1983-க்கு இரண்டே தட்டில் போய்விட்டாராம். அவர் தேடிய கட்டுரையின் தலைப்பும் கிடைத்துவிட்டதாம். உள்ளே போனால் "கிராஃபிக்" என்று ஒரே சொல், அப்புறம் அமைதி.

திறந்து பார்த்தேன். தொடக்க காலத்தில் நேரமில்லாமல் ஸ்கேன் செய்து படமாகவே ஏற்றியவற்றில் ஒன்று. பதினோரு பக்கம். அச்சு மங்கல், ஓரங்களில் கறை, எழுத்துணரி தோற்றுப்போனது. உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இன்று நான்காம் பக்கம்.